ஃபார்மட் போடச் சம்மதிக்கும் முன்

லேப்டாப் அடிக்கடி ஹேங் ஆகிறது, தானாக அணைந்துவிடுகிறது என்று கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஃபார்மட் போட்டா சரியாயிடும்." உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஃபார்மட் போட்டால் உங்கள் கோப்புகள் போவதோடு, தன் கோளாறைப் பற்றி லேப்டாப் தானே எழுதிவைத்த பதிவுகளும் அழிந்துவிடும். பழுது எங்கே என்று மெக்கானிக் கண்டுபிடிக்க உதவுபவை அந்தப் பதிவுகள். வாரண்டியில் பார்க்க மறுத்தார்கள் என்றால் நுகர்வோர் ஆணையத்தின் முன் நீங்கள் வைக்க வேண்டிய சான்றும் அவைதாம்.

எதற்கும் முன்னால் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். கோப்புறை திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது, உள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்றால் ஹார்டு டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் யூடியூபில் பார்த்த டிஸ்க் சரிபார்ப்புக் கட்டளைகளை ஓட்டாதீர்கள். தள்ளாடும் டிஸ்க்கை முழுதாகப் படிக்கவைக்கும் வேலை அதன் முடிவை விரைவுபடுத்தலாம். இன்றியமையாத கோப்புகளை முதலில் வெளி டிரைவுக்கு மாற்றுங்கள், படங்களும் பாடல்களும் பிறகு வரட்டும். கூடவே, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பிட்லாக்கர் ரெகவரி கீ இருக்கிறதா என்று பாருங்கள். 48 இலக்கம் கொண்ட எண் அது. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். சர்வீஸில் மதர்போர்டை மாற்றிய பிறகு அந்த எண் கையில் இல்லையென்றால் நல்ல டிஸ்க்கில் உள்ள கோப்புகளைக்கூட உங்களால் திறக்க முடியாது.

அடுத்தது சான்று. விண்டோஸ் தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் அடித்தால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த மென்பொருள் நின்றது, எப்போது லேப்டாப் முறையாக மூடப்படாமல் அணைந்தது என்பதெல்லாம் சிவப்புப் பெருக்கல் குறிகளோடு அதில் இருக்கும். அதைப் படம் பிடித்து வையுங்கள். நீலத் திரை வந்தால் (2025-இன் விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பின் அது கறுப்புத் திரை) அதில் காணும் ஸ்டாப் கோடையும் செல்போனில் படமெடுங்கள். உறையும்போது பத்து விநாடி வீடியோ எடுத்தாலும் போதும். சர்வீஸ் சென்டர் மேசையில் லேப்டாப் சமர்த்தாக ஓடி, "எந்தப் பிரச்சினையும் இல்லையே" என்று திருப்பிக் கொடுக்கப்படுவது வழக்கமாக நடப்பது.

எப்படி நிற்கிறது என்பதே பாதி விடை. எந்தச் செய்தியும் இல்லாமல் பட்டென்று அணைந்தால் சூடு அல்லது மின்சாரம் பக்கம் பாருங்கள். மெத்தைமேல் வைத்து வேலை செய்தால் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபடும். விசிறியில் தூசி சேர்ந்திருக்கும், பிராசசர்மேல் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். இவை சுத்தம் செய்தால் தீர்பவை. பத்து குரோம் டேப் திறந்ததும் திணறி, மூடியதும் தெளிந்தால் ரேம் போதவில்லை என்று கொள்ளலாம். 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 மூச்சுவாங்கத்தான் செய்யும். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரை தொடங்கியிருந்தால் டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பிப் பாருங்கள். எதுவும் பிடிபடவில்லையா? உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமல் அதிலிருந்தே ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அங்கும் உறைந்தால் கோளாறு பெரும்பாலும் வன்பொருளில் இருக்கிறது, ஃபார்மட்டால் அது தீராது. உறையாமல் ஓடினால் விண்டோஸ் மீதும் டிஸ்க் மீதும் சந்தேகம் திரும்பும். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் மதர்போர்டுக்குப் பணம் கட்டச் சம்மதிக்க வேண்டாம்.

டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கடினம்.

"நீங்க சரியா யூஸ் பண்ணல" என்று சொல்லப்படுவதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. பயன்படுத்தியவர்கள் எவரும் தவறு செய்யவில்லை. 2011 முதல் 2013 வரை விற்ற சில மேக்புக் ப்ரோ மாடல்களில் கிராபிக்ஸ் கோளாறு இருப்பதை ஏற்று, 2015 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அவற்றை வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகச் சரிசெய்ய முன்வந்தது. ஏற்கெனவே பணம் கட்டிப் பழுது பார்த்தவர்களுக்கு அந்தத் தொகையைத் திருப்பித் தரவும் வழி செய்தது. ரிப்பேர் பில்லைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

லேப்டாப்பை ஒப்படைக்கும்போது ஜாப் ஷீட் வாங்காமல் வெளியே வராதீர்கள். சீரியல் எண், நீங்கள் சொன்ன குறை, ரேம், டிஸ்க் அளவு, உடலில் உள்ள கீறல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். "ஸ்லோவா இருக்கு" என்று எழுதினால் மாற்றி எழுதச் சொல்லுங்கள். 'தினமும் உறைகிறது, தானாக அணைகிறது' என்பதுதான் குறை. பாஸ்வேர்டை எழுதிக்கொடுப்பதைவிடத் தனியாக ஒரு யூசர் கணக்கு திறந்து கொடுப்பது நல்லது. ஜிமெயில், வங்கிக் கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுங்கள். பெண்களின் படங்கள் கடைகளிலிருந்து கசிந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானது, அதைக் கூச்சம் என்று தள்ளக் கூடாது. நுகர்வோர் நம்பிக்கையோடு ஒப்படைத்த தனிப்பட்ட தகவலைப் பிறருக்கு வெளியிடுவதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தர மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே.

இன்னொரு ஆபத்து திரையிலேயே வரும். உலாவியில் சைரன் சத்தத்தோடு 'உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்' என்று ஒரு பக்கம் முழுத்திரையை மறைக்கும். லேப்டாப் உறைந்ததுபோலவே தோன்றும். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. ஆல்ட், எஃப்4 விசைகளைச் சேர்த்து அழுத்தி அதை மூடுங்கள். எனிடெஸ்க் போன்ற செயலியை ஏற்றச் சொல்லும் யாருக்கும் திரையைக் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள்.

வாரண்டிக் காலத்தில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். போன் பேச்சுக்குச் சான்று இராது. இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. அதிலும் நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்ற நிறுவனம் எங்கிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். குறையை நீக்கவோ, புது லேப்டாப் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, இழப்பீடு வழங்கவோ ஆணையம் உத்தரவிடலாம். வீட்டிலிருந்து டைப்பிங், டிசைன் வேலை செய்து பிழைப்பவர்கள், 'தொழிலுக்கு வாங்கியது, எங்களுக்குச் சட்டம் பொருந்தாது' என்று ஒதுங்க வேண்டாம். சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவரும் சட்டப்படி நுகர்வோரே.

வாரண்டி முடிந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. பணம் வாங்கிப் பழுது பார்ப்பதும் ஒரு சேவைதான், அதில் குறை இருந்தால் அதே ஆணையத்துக்குப் போகலாம். அதனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் வாங்கினாலும், தெருமுனைக் கடையில் ரேம் மாற்றினாலும், பில்லில் சீரியல் எண்ணையும் எத்தனை மாத உத்தரவாதம் என்பதையும் எழுதி வாங்குங்கள். மாற்றியதாகச் சொல்லும் பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.