சங்கத்தின் இணையப் பெயர் சங்கத்துக்கே உரியதாகுக

நம் நெசவாளர் சங்கங்களும் விவசாய விற்பனைச் சங்கங்களும் தங்கள் சேலையையும் மஞ்சளையும் இணையத்தின் வழியாக வெளியூர்களில் விற்க முன்வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. கடை திறப்போர் முதலில் பெயர்ப் பலகை எழுதுவது போல, இணையத்தில் கடை திறப்போருக்கும் ஒரு பெயர் வேண்டும். இதனை டொமைன் என்பர். இக்கட்டுரையில் நாம் இணையப் பெயர் என்றே வழங்குவோம். அதனைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம், யார் பெயரில் பதிவது, பதிந்ததைக் காப்பது எவ்வாறு என்பவற்றை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

இணையப் பெயர் என்பது யாது?

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிந்துகொள்கின்றன. அவ்வெண்களை மனிதர் நினைவில் வைத்தல் அரிது. ஆகவே எண்ணுக்குப் பதிலாகப் பெயரை வழங்கும் முறை 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. 1985-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள், ‘டாட் காம்’ என்னும் ஈற்றுடன் முதற்பெயர் பதிவாயிற்று. ஒரே பெயரை உலகில் இருவர் பெற இயலாது. முந்தியவருக்கே அது கிடைக்கும். மேலும், அது கிரயம் செய்த நிலம் போன்றதன்று. வாடகைக்கு எடுத்த கடை போன்றது. தவணை செலுத்தும் வரையில்தான் உரிமை. இவ்விரண்டு இயல்புகளையும் மனத்திற்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

பெயரைத் தேர்தல்

சங்கத்தின் பதிவுப் பெயர் பெரும்பாலும் நீளமானது. ‘நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி மற்றும் விற்பனைச் சங்கம் லிமிடெட்’ என்று முழுதும் எழுதினால், கைபேசியில் தட்டி முடிப்பதற்குள் வாடிக்கையாளர் சலிப்படைவார். விதிப்படி 63 எழுத்துகள் வரை இருக்கலாமாயினும், இரண்டு சொற்களுக்குள் அடங்குவதே சிறப்பு. இடைக்கோடு சேர்க்கலாம், ஆயின் அதனைத் தொலைபேசியில் சொல்லிப் புரியவைத்தல் கடினம்.

நம் ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதில் தனித் தொல்லையும் உண்டு. காஞ்சிபுரத்தின் ‘சி’க்கு ஒரு ‘ஐ’ எழுதுவாரும் உளர். இரண்டு ‘இ’ எழுதுவாரும் உளர். தமிழ்நாடு அரசு 2020-ஆம் ஆண்டில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றி ஆணை வெளியிட்டு, விரைவிலேயே அதனைத் திரும்பப் பெற்றதை அன்பர்கள் நினைவுகூரலாம். ஆகவே, கருதிய பெயரை நான்கு அங்கத்தினரிடம் வாயால் சொல்லி எழுதச் செய்து பாருங்கள். நால்வரும் ஒரேவிதமாக எழுதினால் அது நல்ல பெயர். இருவிதமாக எழுதினால் இரண்டையும் பதிந்துகொள்வது உத்தமம்.

பிறருடைய வணிகப் பெயரை ஒத்த பெயரை எடுத்தல் தகாது. வணிகப் பெயருக்குள்ள சட்டப் பாதுகாப்பு இணையப் பெயருக்கும் உண்டு என்பதை, சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. இச்சட்டம் நம் பெயரைப் பிறர் கவராமல் காக்கவும் உதவும்.

ஈற்றைத் தேர்தல்

‘டாட் காம்’ உலகெங்கும் பழகியது. ‘டாட் இன்’ இந்தியாவுக்குரியது; நிக்சி என்னும் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. ‘டாட் கூப்’ என்பது கூட்டுறவுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு புதிய ஈறுகளுள் ஒன்று. கூட்டுறவு நிறுவனமென்று மெய்ப்பித்தாலன்றி அதனைப் பெற இயலாது. தனியார் எவரும் அணிய முடியாத முத்திரை நமக்குக் கிடைப்பது பெருமையே. தமிழெழுத்திலேயே ‘டாட் இந்தியா’ என்னும் ஈறும் உண்டு. ஆயின் தமிழெழுத்து முகவரியைச் சில பழைய அஞ்சல் சாதனங்கள் ஏற்பதில்லையாதலின், அதனை இரண்டாம் பெயராகக் கொள்வது தக்கது.

யார் பெயரில் பதிவது?

இதுவே தலையாய செய்தி. இணையப் பெயரைப் பதிந்து தரும் நிறுவனங்களையும் பதிவாளர் என்றே அழைப்பர். நம் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் வேறு, இவர் வேறு. இவரிடம் எவர் பெயரில் பதிகிறோமோ அவரே உரிமையாளர். பணம் யாருடையது என்பதைப் பதிவேடு காட்டாது.

நாம் ஆய்வுக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில், பக்கத்தை அமைத்துக் கொடுத்த இளைஞர் வசதி கருதித் தம் பெயரிலேயே பதிந்திருந்தார். அவர் வேலை தேடி வெளியூர் சென்றார். கடவுச்சொல்லும் அவருடனே சென்றது. தீபாவளி விற்பனைக்கு முன்பு பெயர் காலாவதியாயிற்று. சேலைப் பெட்டி ஒவ்வொன்றிலும் அச்சிட்ட முகவரி பயனற்றுப் போயிற்று. இளைஞரிடம் வஞ்சகம் ஏதுமில்லை; முறைதான் இல்லை.

ஆகவே, நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றி, சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்க. கட்டணம் சங்கக் கணக்கிலிருந்து செல்லட்டும். ரசீது கோப்பில் இருக்கட்டும். மின்னஞ்சல் முகவரியும் செயலாளரின் சொந்த முகவரியாக இல்லாமல் சங்கத்துக்குரியதாக இருக்கட்டும். அம்முகவரி அதே இணையப் பெயரைச் சார்ந்ததாகவும் இருத்தல் கூடாது. பெயர் நின்றால் அஞ்சலும் நின்றுவிடும். கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரையிட்டுச் சங்கப் பெட்டகத்தில் வைத்து, பொறுப்பு மாறும்போது சாவியுடன் ஒப்படைத்து, உடனே மாற்றிவிடுக.

ஏற்கெனவே பிறர் பெயரில் இருப்பின், நட்புள்ள காலத்திலேயே எழுத்து மூலம் கேட்டு மாற்றிக்கொள்க. தீய எண்ணத்துடன் பதிந்தவர் தர மறுத்தால், ‘டாட் இன்’ பெயர்களுக்கு நிக்சியின் விதிகளின்படி நடுவர் தீர்ப்புக் கோரலாம்.

புதுப்பித்தல்

ஒருமுறைக்கு 10 ஆண்டுகள் வரை பதியலாம். முதலாண்டுக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டி அடுத்த ஆண்டில் உயர்த்துவோர் உளராதலின், புதுப்பிப்புக் கட்டணத்தை முதலிலேயே கேட்டறிக. ‘டாட் காம்’ பெயர் தவணை தவறி நீக்கப்பட்டால், அதன்பின் 30 நாட்களுக்குள் மீட்கலாம். அதற்குச் செலவு பன்மடங்காகும். அதுவும் தவறினால் பெயர் எவர்க்கும் பொதுவாகிவிடும்.

இம்மறதி பெரியோரையும் விடவில்லை. 1999-ஆம் ஆண்டு டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஓர் இணையப் பெயரைப் புதுப்பிக்கத் தவறியதால், ஹாட்மெயில் அன்பர்கள் பலர் தங்கள் அஞ்சலைத் திறக்க இயலாமற் போயிற்று. வெளியார் ஒருவர் 35 டாலர் செலுத்தி உதவினார். நமக்கும் அத்தகையவர் வாய்ப்பார் என்று நம்பியிருத்தல் ஆகாது. காலாவதி நாளைச் சங்கத்தின் காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வைக்க. அறியாத நிறுவனத்திலிருந்து ‘உடனே பணம் செலுத்துக’ என்று வரும் கடிதங்களை, நம் பதிவாளரிடம் கேட்டறிந்த பின்னரே நம்புக.

அடுத்த பொதுக்குழுவில், கணக்குகள் வாசிக்கப்பட்டபின், அங்கத்தினர் ஒருவர் எழுந்து, “நம் சங்கத்தின் இணையப் பெயர் யார் பெயரில் உள்ளது? எந்நாள் முடிகிறது?” என்று வினவுவாராக. உடனே விடை கிடைக்குமாயின் மகிழ்க. கிடைக்காவிடில், அன்றே தீர்மானம் எழுதுக.