கண்ணுக்குத் தெரியாத இறக்குமதி

பேராக் தோட்டங்களின் ரப்பர் கப்பலேறியதை யாவரும் அறிவர். அதே வேளையில் நாட்டினுள் இறக்குமதியான ஒன்றைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதுவே சேவை.

தோட்டக் கம்பெனிகள் பல இலண்டனில் பதிவானவை. அவற்றின் நிருவாகம், கணக்கு, கப்பல், காப்புறுதி, விற்பனை ஆகியவற்றை 1821இல் தோன்றிய கத்ரி போன்ற முகவர் நிறுவனங்கள் கவனித்தன. இதில் நன்மையும் உண்டு: சிறு கம்பெனிக்கும் தேர்ந்த நிருவாகமும் வெளிநாட்டு மூலதனமும் கிட்டின. ஆயின், கட்டணமும் தரகும் இலாபப் பங்கும் கடல் கடந்தன. பால் மரம் வெட்டியவருக்குக் கிடைத்தது நாட்கூலியே.

பின்னர் நிலை மாறியது. 1906இல் இலண்டனில் பதிவான கம்பெனியின் வழிவந்த கோலாலம்பூர் கெப்போங், 1973இல் மலேசிய நிறுவனமாயிற்று. அதன் பதிவு அலுவலகம் ஈப்போவில் உள்ளது. 1981இல் கத்ரியும் மலேசியர் கைக்கு வந்தது. நிருவாகம் தாயகம் திரும்பினால், கணக்கர், வழக்கறிஞர், காப்புறுதியாளர் வேலைகளும் உடன் வரும். ஆனால் அவை கற்றவர்க்கே உரியவை.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர் சேமிப்பைத் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அது மண்ணை வாங்க வழி செய்தது. அம்மண்ணின் கணக்கை எழுதும் திறனை வளர்ப்பது பள்ளியின் கடன்.