விரல் படாத வெடி

"நான் ட்ரிக்கரைத் தொடவே இல்லை."

துப்பாக்கி விபத்தை விசாரிக்கப் போகிறவர் முதலில் கேட்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். அவர் நம்பாத முதல் வாக்கியமும் இதுதான். அமெரிக்காவில் ஒரே ரகத் துப்பாக்கியை வைத்திருந்தவர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள், பல பத்தாண்டுகளாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துப்பாக்கி ரெமிங்டன் 700.

1962-ல் சந்தைக்கு வந்த வேட்டைத் துப்பாக்கி அது. ஐம்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. அமெரிக்க ராணுவத்தின் எம்24, மரைன் படையின் எம்40 ஆகிய ஸ்னைப்பர் துப்பாக்கிகளுக்கும் அதுவே மூலம். குறி தப்பாது, ட்ரிக்கர் நறுக்கென்று விழும் என்று வேட்டைக்காரர்கள் கொண்டாடினார்கள். அந்த நறுக்கில்தான் வம்பு இருந்தது.

தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் 'போல்ட்'டை மூடியதும் உள்ளே ஓர் ஊசி, ஸ்பிரிங்கின் முழு விசையோடு பாயக் காத்திருக்கும். அதைப் பிடித்து நிறுத்தியிருப்பது 'சியர்' என்ற கொக்கி. சியர் சரியாமல் முட்டுக்கொடுப்பது ட்ரிக்கர். விரல் இழுத்தால் முட்டு விலகும், சியர் இறங்கும், ஊசி பாய்ந்து தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும். சாதாரணமாக இவ்வளவுதான் கதை. ரெமிங்டன் பொறியாளர் மைக் வாக்கர், ட்ரிக்கருக்கும் சியருக்கும் நடுவே 'கனெக்டர்' என்ற சிறிய எஃகுத் தகட்டை வைத்தார். அது ட்ரிக்கரோடு பிணைக்கப்படவில்லை. ஸ்பிரிங்கின் தயவில் ஒட்டி நிற்கும். சுடும் ஒவ்வொரு முறையும் விலகி, திரும்பி வந்து ஒட்ட வேண்டும். அந்த இடுக்கில் மண்ணோ கெட்டித்துப்போன எண்ணெயோ புகுந்தால் தகடு முழுதாகத் திரும்பாது. சியரைத் தாங்கும் விளிம்போ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

சேஃப்டி போட்டிருந்தால் பயமில்லை என்று நினைப்போம். இதில் சேஃப்டி செய்யும் வேலை, சியரைத் தகட்டின் மேலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடிப்பது. சேஃப்டியை எடுத்ததும் சியர் தகட்டின் மேல் இறங்கி உட்கார வேண்டும். அங்கே தகடு இல்லையென்றால் துப்பாக்கி வெடிக்கும். விரலுக்கு அதில் வேலையே இல்லை.

இதற்கு மேல் இன்னொரு விபரீதமும் இருந்தது. 1982 வரை வந்த துப்பாக்கிகளில் சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமா, முதலில் சேஃப்டியை எடுத்தாக வேண்டும். துப்பாக்கியைக் காலி செய்கிற, பொறுப்பான அந்த வேலையிலேயே ஆபத்தைப் பொதித்துவைத்தது போல. 2000 அக்டோபரில் மொன்டானா மாநிலத்தில் வேட்டை முடித்த ஒரு தாய், தோட்டாவை எடுப்பதற்காகச் சேஃப்டியைத் தள்ளினார். குண்டு, குதிரை ஏற்றும் டிரெய்லரைத் துளைத்துப் போய் மறுபக்கம் இருந்த அவருடைய ஒன்பது வயது மகனைக் கொன்றது. குழலை யார் பக்கமும் திருப்பாதே என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். அந்தத் தாயும் தெரிந்து திருப்பவில்லை. அவர் அறிந்தவரை அந்தப் பக்கம் யாரும் இல்லை.

இந்தக் கோளாறின் கொடுமையே அது தடயம் வைக்காததுதான். வெடித்த அதிர்ச்சியில் அழுக்கு உதிர்ந்துவிடலாம், தகடு சமர்த்தாகத் தன் இடத்துக்கு வந்துவிடலாம். பிறகு ஆய்வகத்தில் எத்தனை முறை தட்டிப் பார்த்தாலும் துப்பாக்கி நல்ல பிள்ளையாக இருக்கும். விரல் பட்டிருக்கும், பராமரிப்பு சரியில்லை, யாரோ ட்ரிக்கரைக் குடைந்திருக்கிறார்கள் என்று நிறுவனம் பதில் சொல்லும். துப்பாக்கி பாதுகாப்பானதே என்ற நிலையிலிருந்து ரெமிங்டன் இறங்கவில்லை.

ஆனால் வாக்கருக்கே சந்தேகம் இருந்தது. அவருடைய ட்ரிக்கரைத் தாங்கிய முதல் ரகங்கள் சந்தைக்கு வருமுன்பே, 1946-ல், பாதுகாப்புக் குறை ஒன்றைப் பற்றி அவர் நிறுவனத்துக்குள் எழுதினார். 1948-ல் ட்ரிக்கரையே பூட்டும் மாற்று வடிவத்தையும் முன்வைத்தார். துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் கூடுதல் செலவு. நிறுவனம் ஏற்கவில்லை. 2010-ல், தொண்ணூறு வயதைத் தாண்டிவிட்ட வாக்கர், சிஎன்பிசி தொலைக்காட்சியிடம் இதைப் பேசினார். நிறுவனத்தார் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று இதை எழுதும் நான் நினைக்கவில்லை. இப்படி வெடிப்பது அபூர்வம். அபூர்வமானதற்குக் கணக்குப் பார்ப்பது எளிது. பல லட்சம் துப்பாக்கிகளில் அந்த அபூர்வம் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டும் என்பதுதான் கேள்வி.

அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்கத் தோன்றும். 1972-ல் அமெரிக்கா நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது துப்பாக்கிகளை அதிலிருந்து விலக்கிவிட்டது. குழந்தைகளின் பொம்மைத் துப்பாக்கியில் குறை இருந்தால் திரும்பப் பெறச் செய்யும் அதிகாரம் அந்தச் சட்டம் அமைத்த ஆணையத்துக்கு உண்டு. நிஜத் துப்பாக்கிக்கு அது கிடையாது. எனவே எல்லாம் நீதிமன்றத்தில்தான், ஒவ்வொரு குடும்பமாக, தனித்தனியாக.

2006-ல் கனெக்டர் இல்லாத எக்ஸ்-மார்க் புரோ என்ற புதிய ட்ரிக்கர் வந்தது. 2014 ஏப்ரலில் அதையும் நிறுவனம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பொருத்தும்போது ஒட்டுப்பசை அதிகமாகிவிட்டால் தானாக வெடிக்கக்கூடும் என்பது காரணம். கோளாறு ஒன்று போய் இன்னொன்று.

கடைசியில் பலர் சேர்ந்து தொடுத்த வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ரெமிங்டன் சமரசத்துக்கு வந்தது. 2017-ல் நீதிமன்றம் அதை ஏற்றது. பிற ரகங்களையும் சேர்த்து, அதன் வரம்புக்குள் வந்தவை சுமார் 75 லட்சம் துப்பாக்கிகள். சமரசத்தின் பலனைக் கேட்டு அப்போது வந்திருந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 22,000.