கூரையில்லாத மாதா கோயில்

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் தவறாமல் இறங்கிப் பார்க்கும் இடம், கூரையில்லாத அந்த மாதா கோயில். அதைப் படம் பிடிக்க நம் போட்டோகிராபர் முன்னே போனார், பின்னே போனார், மணலில் குந்தியும் பார்த்தார். "எங்கே நின்றாலும் ஒரு சங்குக் கடை வந்து விழுகிறதே, ஸார்!" என்றார்.

வேடிக்கைதான். ஆனால் விஷயமே அதுதான்.

1914 முதல் ரெயிலும் கப்பலும் சந்தித்த ஊர் இது. போட் மெயிலில் வந்தவர்கள் இங்கே கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு, கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள் இருக்கையில், புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரெயிலைக் கடல் விழுங்கிற்று. அதிலிருந்தவர்கள் நூறு பேருக்கும் மேல். மனிதர் வசிக்க லாயக்கற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்தது. மாதா கோயில் சுவர்கள் மட்டும் நின்றன.

அவை செங்கல் சுவர்களல்ல. கடலில் வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும். கிட்டே போய்ப் பார்த்தால் தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருக்கும். உப்புக் காற்று ஒரு பக்கம் அரிக்கிறது. படம் எடுத்துக்கொள்ள ஏறுகிறவர்களின் செருப்பு மறு பக்கம். 2001 முதல் பவளப்பாறையை வெட்டுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆகவே ஒரு கல் உதிர்ந்தால், ஈடு வைக்க இன்னொரு கல் கிடையாது!

முன்பெல்லாம் மணலில் வேனில் குலுங்கித்தான் வரவேண்டும். 2017-ல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர் தார் ரோடு திறந்தார்கள். கூட்டம் வந்தது; கடையும் வந்தது. சங்கு விற்பவர்கள் ஏழை ஜனங்கள். அவர்கள் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. கடைகளை நூறு கஜம் தள்ளிப் போட்டால் போதும். சுவரைச் சுற்றி ஒரு தாழ்ந்த கம்பி வேலியும், கதையைச் சொல்லும் ஒரு பலகையும் வேண்டும். புதுப்பிக்கிறேன் என்று சிமெண்டு பூசாமல் இருந்தால் அதுவே புண்ணியம்.

பெர்லினில் 1943-ல் குண்டு வீச்சில் சிதைந்த கைஸர் வில்ஹெல்ம் தேவாலயத்தை இடித்துவிடத்தான் முதலில் திட்டமிட்டார்கள். ஊரார் விடவில்லை. உடைந்த கோபுரத்தை அப்படியே நிறுத்தி, பக்கத்தில் புதிய ஆலயம் எழுப்பி, 1961-ல் திறந்தார்கள். நகரின் பெரிய கடைத்தெருவிலேதான் அது இன்றும் நிற்கிறது!

சாயங்காலம் கடைக்காரர்கள் மூட்டை கட்டிய பிறகு நம் நண்பருக்குப் படம் கிடைத்தது. கழுவிப் பார்த்தால், சுவரில் யாரோ ஆணியால் கீறிய இரண்டு பெயர்களும் ஓர் அம்புக்குறியும் தெளிவாக விழுந்திருக்கின்றன.