666-ஆ, 616-ஆ?

1533 அக்டோபரில் உலகம் முடியும் என்று நாள் குறித்தார் ஜெர்மானியப் போதகர் மிக்கேல் ஸ்டீஃபெல். எல்லாம் வேதாகம எண்களைக் கொண்டு போட்ட கணக்கு. மார்ட்டின் லூதர் எச்சரித்தும் கேட்கவில்லை. குறித்த நாள் வந்தது, போனது, போதகர் கைதானார். அரைகுறை ஆசாமி என்று நினைத்துவிட வேண்டாம். 1544-ல் அவர் வெளியிட்ட 'அரித்மெட்டிகா இன்டெக்ரா' அந்த நூற்றாண்டின் முக்கியமான கணித நூல்களில் ஒன்று.

வெளிப்படுத்தின விசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தில் வரும் மிருகத்தின் இலக்கமான 666-ஐயும் அவர் விட்டுவைக்கவில்லை. போப்பாண்டவர் பத்தாம் லியோவின் லத்தீன் பெயரிலுள்ள ரோமன் எண்ணெழுத்துகளைக் கூட்டினால் 1656. 'பத்தாம்' என்பதற்காகப் பத்தைச் சேர்த்தார். ஆயிரத்துக்கான எழுத்து ஏதோ மறைபொருளைக் குறிக்கிறது என்று சொல்லி அதைக் கழித்தார். மிச்சம் 666! பெயரில் ஓரெழுத்தைக் கூட்டிக் குறைக்கும் நம்மூர் நியூமராலஜிக்காரர்கள் இவருக்கு மாலை போடலாம்.

கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் எழுத்துகளே எண்கள். தமிழில் க ஒன்று, உ இரண்டு என்பதுபோல. எனவே எந்தப் பெயருக்கும் ஒரு கூட்டுத்தொகை உண்டு. பெயரிலிருந்து எண்ணுக்குப் போவது சுலபம். எண்ணிலிருந்து பெயருக்குத் திரும்பத்தான் வழிகள் கணக்கில்லாமல் கிளைக்கின்றன. கணிதத் திறமை கூடக்கூட இன்னும் நிறையப் பெயர்கள் பொருந்துமே தவிர, சரியான பெயர் எது என்று தெரியாது.

இப்போது பல அறிஞர்கள் சாய்வது ரோமப் பேரரசன் நீரோவின் பக்கம். 'நேரோன் கேசர்' என்பதை எபிரேய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200, மொத்தம் 666. லத்தீன் வழக்கப்படி 'நேரோ' என்று கடைசி 50-ஐ விட்டால் 616. இந்த இரண்டாவது எண் முக்கியமானது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேடுகளில் கிடைத்த, சுமார் 1700 ஆண்டு பழைய வெளிப்படுத்தின விசேஷப் பப்பைரஸ் துண்டில் 616 என்றே இருக்கிறது. அது 1999-ல் பதிப்பிக்கப்பட்டது, ஆக்சிரிங்கஸ் பப்பைரஸ் நூல்வரிசையின் 66-ஆம் தொகுதியில். ஸ்டீஃபெல் இருந்திருந்தால் இதற்கும் ஒரு கணக்குப் போட்டிருப்பார்.

ஒரே பெயர் இரண்டு எண்களையும் விளக்குவது அழகுதான். ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் கிரேக்கத்தில் இருக்க, கணக்கு மட்டும் ஏன் எபிரேயத்தில்? அதைவிட உறுத்துவது ஆதித் திருச்சபைத் தலைவர் ஐரேனியஸின் சாட்சி. அந்நூலை எழுதியதாக மரபு சொல்லும் யோவானை அறிந்தவராகச் சொல்லப்படும் பொலிக்கார்ப்பின் போதனையை இளவயதில் கேட்டவர் அவர். சுமார் 180-லேயே 616 என்ற பாடத்தை அறிந்து, எழுதுவோர் பிழை என்று தள்ளினார். 666-க்குப் பொருந்தும் பெயர்கள் சிலவற்றைச் சொல்லிவிட்டு, இன்னார்தான் என்று அறுதியிட மறுத்தார். அவர் சொன்ன பெயர்களில் நீரோ இல்லை.