நெற்றியில் பரு, தலையில் எண்ணெய்

தைப்பொங்கலுக்கு வீட்டில் எடுத்த படத்தில் என் மூத்த மகள் இல்லை. படம் எடுக்கும் நேரம் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றாள். "முகம் சரியில்லை அம்மா, என்னை விடுங்கோ" என்று உள்ளிருந்து சொன்னாள். வயது 14. நெற்றி முழுக்கக் குறுணல் அரிசி ஒட்டினது போலப் பரு. அதை மறைக்க முன்மயிரை வெட்டி நெற்றியில் விழ விட்டிருந்தாள். அந்த மயிரில் இருந்தது நான் வைத்துவிட்ட நல்லெண்ணெய்.

நான் ஓ.எல். உடன் படிப்பை விட்டவள். வைத்தியம் சொல்ல வரவில்லை. நாங்கள் பட்டதையும், பிறகு பார்மசியிலும் டொக்டரிடமும் கேட்டறிந்ததையும் எழுதுகிறேன். புதிதாக வந்த குடும்பங்களில் இதே கதை நடப்பதைக் காண்கிறேன்.

எனக்கும் அது வந்ததுதான். மிச்சத்துக்கு வந்த முதல் வருடம் சான்ட்விச் பொதி செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. தலைக்கு வலைத்தொப்பி போட வேண்டும். அதன் இறப்பர் நாடா நெற்றியை இறுக்கும். எட்டு மணித்தியாலம் எண்ணெயும் வியர்வையும் அந்த நாடாவுக்குள் ஊறும். ஒரு மாதத்தில் நாடா பட்ட இடமெல்லாம் வரிசையாகப் பரு. ஊருக்கு ரெலிபோன் எடுத்தால் அம்மா சொன்னா: "அது உடம்புச் சூடு பிள்ளை. நல்லா எண்ணெய் வைச்சு முழுகு." நானும் இன்னும் கூட வைத்தேன். பருவும் கூடியது. முகத்தில் அழுக்கு என்று நினைத்து நாளுக்கு ஐந்து தரம் சவர்க்காரம் போட்டேன். தோல் வறண்டு எரிந்ததுதான் கண்ட பலன்.

காரணத்தை விளங்கப்படுத்தியது இங்குள்ள ஒரு பார்மசிஸ்ட். "எவ்வளவு பரு என்று பார்க்காதே, எங்கே வருகிறது என்று பார்" என்றார். நெற்றியின் மயிர்க்கரை, கன்னப்பொறி, காதோரம், பிடரி, முதுகின் மேற்பக்கம் ஆகிய இடங்களில் அதிகம் வந்தால் தலையில் பூசுவதைச் சந்தேகிக்க வேண்டுமாம். தோலின் ஒவ்வொரு மயிர்த் துவாரத்துக்கும் இயற்கையாகவே கொழுப்புச் சுரக்கும் சுரப்பி உண்டு. வெளியிலிருந்து வரும் எண்ணெயும் செத்த தோலும் சேர்ந்து துவாரத்தை அடைக்கும்போது அந்தக் குறுணல் உண்டாகிறது. அழுக்கினால் வருவதல்ல.

இது எங்கள் சனத்துக்கு மட்டும் உரிய விடயமும் அல்ல. அமெரிக்காவில் தலைக்குப் பொமேட் என்ற கிறீஸ் பூசும் கறுப்பின ஆண்களின் நெற்றியில் இதே பரு வருவதைக் கவனித்து, பிளெவிக், புல்டன், கிளிக்மன் என்ற மூன்று தோல் வைத்தியர்கள் 1970 இலேயே எழுதியிருக்கிறார்கள். 'பொமேட் பரு' என்றே அதற்குப் பெயர். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மட்டுமல்ல; ஜெல், மெழுகு, கொண்டிஷனர் எல்லாம் இதைச் செய்யலாம்.

அப்படியானால் எண்ணெயை விட்டுவிடுவதா? எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை பிள்ளையை முன்னால் இருத்தித் தலை வாருவது எனக்கு ஊரில் இருந்து மிஞ்சிய சில விடயங்களில் ஒன்று. (நாங்கள் இருக்கும் இடத்தின் பெயரும் மிச்சம்! ஒரு காலத்தில் லவெண்டர் எண்ணெய்க்கும் பெப்பர்மின்ட் எண்ணெய்க்கும் பேர்போன ஊராம் இது.) ஆகவே விடவில்லை, முறையை மாற்றினோம்.

இப்போது எண்ணெய் காதுக்குக் கீழே உள்ள மயிருக்குத்தான். நெற்றிக் கரையில் விரல் படாது. இராமுழுதும் ஊறவிட்டுத் தலையணையில் படுப்பதில்லை. இரண்டு மணித்தியாலத்தில் முழுகிவிட வேண்டும். முழுகும்போது முதலில் தலை. கொண்டிஷனரை அலசி மயிரை மேலே கட்டிவிட்டு, கடைசியாக முகமும் முதுகும். நாங்கள் முன்பு மறுவளமாகச் செய்து, கழுவிய முதுகிலேயே கொண்டிஷனரை வழியவிட்டிருக்கிறோம். தலையணை உறையை அடிக்கடி மாற்றுகிறோம். நான் வேலைக்குப் போகும் நாளில் தலைக்கு எண்ணெய் இல்லை; முடிந்ததும் முதல் வேலையாக நெற்றியைக் கழுவுவேன். முகம் கழுவுவது நாளுக்கு இரண்டு தரம் போதும்.

மகளுக்கு பென்சோயில் பெரொக்சைட் என்ற மருந்தும் வாங்கினோம். டொக்டரின் துண்டு இல்லாமலே பார்மசியில் கேட்டு வாங்கலாம். கர்ப்பிணிகள் முதலில் விசாரிக்க வேண்டும். அது துணியின் நிறத்தை உரிஞ்சிவிடும். என் நீலத் துவாய் இப்போது புள்ளிமான். இரண்டு கிழமையில் மாறவில்லை என்று மகள் அழுதாள். மூன்று மாதம் வரை செல்லலாம் என்று பார்மசிஸ்ட் முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தோம்.

ஒரே அளவான சிறு பருக்கள் வந்து கடித்தால் அது பூஞ்சணமாகவும் இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. பெரிதாகி நோகும் கட்டிகள், தழும்பு விழுபவை, பிள்ளையின் மனதை வாட்டுபவை என்றால் டொக்டரிடம் போங்கள். "பருவுக்குப் போய் டொக்டரா" என்று வெட்கப்பட வேண்டாம். இங்கிலாந்தில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், முழுநேரம் படிக்கும் 16 முதல் 18 வயதினருக்கும் டொக்டர் எழுதும் மருந்து இலவசம். அகதி விண்ணப்பம் செய்து அரசின் உதவியில் இருப்பவர்களுக்கு எச்.சி.2 பத்திரம் உண்டு, அதைக் காட்டலாம்.

எனக்குப் பயம் தந்தது பருவல்ல. மகளின் புத்தகப் பைக்குள் ஒரு கிரீம் கிடைத்தது. சிநேகிதி கொடுத்ததாம், பருவும் போகும், வெள்ளையாகவும் வரும் என்று. பெட்டியில் என்ன மருந்து என்றே எழுதவில்லை. பார்மசிஸ்டிடம் காட்டினேன். இப்படி விற்கும் கிரீம்கள் சிலவற்றில் கடுமையான ஸ்டெரொய்ட் இருக்கும், சிலவற்றில் பாதரசமும் உண்டு என்றார். ஸ்டெரொய்ட் முதலில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கி, பிறகு தோலை மெலிய வைத்துப் பருவையும் கூட்டிவிடுமாம். நெடுநாள் பூசியவர்கள் டொக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். அவள் பூசியது மூன்று நாள்தான்.

அன்று நான் ஏசவில்லை. ஏசியிருப்பேன், ஆனால் "நீங்கள் எண்ணெய் வைச்சுத்தானே வந்தது" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

இப்போது நெற்றி தெளிந்துவிட்டது. எங்கள் நிறத் தோலில் பரு போன பிறகும் கறுப்புப் புள்ளிகள் மாதக்கணக்கில் நிற்கும். கிள்ளினால் இன்னும் கூடும். அவை மெல்ல மங்குகின்றன. முன்மயிரைக் கிளிப் போட்டு மேலே கட்டுகிறாள். அம்மா ரெலிபோனில் "முழுக வார்க்கிறனியே?" என்று கேட்பா. "ஓம் அம்மா, சனிக்கிழமை தவறாமல்" என்பேன். இரண்டு மணித்தியாலக் கணக்கை மட்டும் இன்னும் சொல்லவில்லை.