‘பானி’ விழுந்தால் குடை போதும், நிரம்பினால்?

மழைக்காலத்தில் ஒரு காலை நேரம். தாதர் நிலையப் படிக்கட்டில் கூட்டம் நகராமல் நிற்கிறது. ‘‘பானி பர் கயா’’ என்று யாரோ சொல்கிறார்கள்.

நெல்லைச் சீமையிலிருந்து புதிதாக வந்தவர் என்ன நினைப்பார்? குழாயில் தண்ணீர் வந்து குடம் நிரம்பிவிட்டது என்று நினைப்பார். நிரம்பியது குடம் அல்ல, தண்டவாளம்! வண்டி ஓடாது. நாள் கூலிக்காரருக்கு அன்றைய கூலி போச்சு.

மும்பை இந்தியில் மழைக்கும் ‘பானி’தான், தேங்கிய வெள்ளத்துக்கும் ‘பானி’தான். பெயர்ச்சொல் ஒன்றே, வினைச்சொல்தான் ஆளைக் காப்பாற்றும். ‘பானி கிர் ரஹா ஹை’ என்றால் மழை பெய்கிறது, குடை போதும். ‘பர் கயா’ என்றால் வீடு திரும்புவதே மேல்.

2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே நாளில் கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். கொலாபாக்காரருக்கு ‘கிர் ரஹா ஹை’. சாந்தாகுரூஸ்காரருக்கு ‘பர் கயா’!

மழைக்கு வினை இல்லை

தமிழில் ‘மழை’ வெறும் பெயர்ச்சொல். ‘மழைக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. பெய்கிறது, கொட்டுகிறது, விட்டுவிட்டது என்று வேறு வினையைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். ‘இடி’யும் ‘குளிரும்’ அப்படி அல்ல; இரண்டு வேலையும் பார்ப்பவை. இடி இடிக்கிறது, குளிர் காலத்தில் குளிர்கிறது.

‘கொட்டுமழை’ வினைத்தொகை. பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கலாம்: கொட்டிய, கொட்டுகின்ற, கொட்டும் என்று மூன்று காலமும் அதற்குள் அடக்கம். ஜூலை மாத மும்பைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடையாது.

மராத்தியில் மழை மட்டுமல்ல, வெயிலும் ‘விழும்’. ‘ஊன் பட்லே’ என்பார்கள். நம் ஊரில் வெயில் அடிக்கும். குளிர் எடுத்தால் அவர்களுக்கு ‘தண்டி வாஜ்தே’. மணி ஒலிப்பதற்கும் அதே வினைதான்.

அரிசியும் ஆளும்

மே மாதப் புழுக்கத்தில் மராத்திக்காரர் விசிறிக்கொண்டே ‘உகட்தே’ என்பார். எழுவாய் இல்லை, ஒரே சொல்லில் முழு வாக்கியம். நாமும் ‘புழுங்குகிறது’ என்று ஒரே சொல்லில் முடிக்கிறோம். ‘எது புழுங்குகிறது?’ என்று யாரும் கேட்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே அடுப்படிச் சொற்கள். நமக்குப் புழுங்கல் அரிசி. கொங்கணத்தாருக்கு ‘உகடா தாந்தூள்’. அதுவும் புழுங்கல் அரிசியேதான்! மொழிக் குடும்பமே வேறு. ஆனாலும் இரு சாராரும் தங்களை அரிசிப் பானைக்குள் வைத்தே பேசியிருக்கிறார்கள்.

தாதர் ஒலிபெருக்கியில் தமிழ் வராது. ஆனால் மராத்தியிலும் இந்தியிலும், தமிழைப் போலவே, வினை கடைசியில்தான் வரும். ‘பாணீ’ என்ற சொல்லைக் கேட்டதும் படியிறங்கி ஓட வேண்டாம். வாக்கியம் முடியட்டும். ‘உஷிரா’ என்று வந்தால் வண்டி தாமதம், நிற்கலாம். ‘ரத்த்’ என்று வந்தால், அது நம்முடைய ரத்துதான்.